நகர்ச் சிறாரும் இயற்கைச் செல்வமும்

குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும் பிரபந்தம் பிள்ளைத்தமிழ். அம்புலிப் பருவத்திலே குழந்தையோடு விளையாட வருமாறு திங்கள் அழைக்கப்படுகின்றது. சிற்றிற் பருவத்திலே சிறுமியர் தெருமணலிற் கட்டிய சிறுவீட்டை ஆண்குழந்தை சிதைக்கின்றது. பெண்பாற் பிள்ளைத்தமிழோ நீராடலையும் ஊசலையும் ஈற்றுப் பருவங்களுள் வைத்து எண்ணுகின்றது. வானம், மணல், நீர், மரக்கிளை ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிதிற் கிட்டுவன என்னும் எண்ணம் இப்பாகுபாட்டின் அடியிலே கிடக்கின்றது. இக்கால நகரங்களில் அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும், எவருடைய பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு யாழ்ப்பாண நகரும் அதன் சூழலும் தக்க களமாகும்.

இளஞ்சிறாருக்கு இயற்கை வேண்டும் என்பது கவிஞர் கூற்று மாத்திரமன்று, கல்வியாளர் துணிபுமாகும். யேர்மனியில் வாழ்ந்த பிறோபல் தாம் தொடங்கிய சிறார் பள்ளிக்கு 1840ஆம் ஆண்டிலே 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பயிரிடச் சிறுபாத்தி ஒன்று வேண்டும் என்றார். 1939ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1944ஆம் ஆண்டில் இலங்கையிலும் ஆசிரியருக்குப் பயிற்சியளித்த மரியா மொன்ரிசோரி அம்மையாரும் செடியையும் விலங்கையும் பேணுதலைச் சிறார் கல்வியின் ஒரு கூறாகக் கொண்டார்.

அண்மைக்கால விஞ்ஞானம் இத்துணிபுக்கு அரண் செய்கின்றது. பின்லாந்திலே 3 முதல் 5 வயது வரையிலான 75 பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பகற்பராமரிப்பு நிலையங்கள் சிலவற்றின் சரளைக்கல் முற்றத்திலே காட்டுமண்ணும் புற்றரையும் பரப்பப்பட்டன. 28 நாட்களுள் அப்பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் பல்வகைப்பட்டன. நோயெதிர்ப்பு ஆற்றலைச் சீர்செய்யும் குறிகளும் குருதியிற் காணப்பட்டன. சீனாவின் குவாங்சோ நகரில் நாடோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியிலே கழித்த 6, 7 வயதுச் சிறாரிடையே மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 30 பேரளவிற் கிட்டப்பார்வை தோன்ற, ஏனையோரிடையே அது 39 பேருக்கு மேலாயிற்று என 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. எனவே மண்ணும் வெளியும் பிள்ளையின் உடலுக்கு உணவையொத்த தேவை எனலாம்.

இனி, குடாநாட்டின் இயல்பை நோக்குதல் தகும். சுண்ணக்கற் படுக்கையின்மேல் அமைந்த இந்நிலத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை; மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறே உண்டு. மழைநீர் குளங்களிலே தங்கி நிலத்துட் சுவறிக் கிணறுகளை ஊட்டுகின்றது. காடும் மலையும் இல்லாத இந்நாட்டிற் பிள்ளைகள் இயற்கையைக் கண்டது பெரும்பாலும் வீட்டு வளவிலேயாம். முற்றத்து மணல், கிணற்றடி வாழை, வேலியோரப் பூவரசு, கோடியிலே பனை என்பன அவர்தம் முதற் பாடநூல்கள். பூவரசிலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்தலும், நுங்குக் கோம்பையிற் சில்லமைத்து வண்டில் ஓட்டுதலும் எவரும் கற்பியாமலே கைவந்த கலைகள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்து வெருளியைச் சிறாருக்குப் பாடுபொருளாக்கியபோது, கேட்கும் பிள்ளை அத்தோட்டத்தை நன்கு அறியும் என்று கொண்டே பாடினார்.

ஆயினும் வளவு என்பது உடைமை. கிடுகுவேலியும் பின்வந்த மதிலும் அதனைச் சூழ்ந்து நின்றன. நிலமுடையோர் பிள்ளைக்கு வேலிக்குள்ளே மாமரம் நின்றது. நிலமில்லாதோர் பிள்ளைக்கு வேலிக்கு வெளியே ஒழுங்கையே எஞ்சிற்று. பொதுவிடங்கள் எனப்பட்டனவும் எல்லார்க்கும் பொதுவாய் இருந்தனவல்ல. சாதியின் பெயராற் கிணற்றடியும் கோயில் வீதியும் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறிய பின்பும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தமை இதற்குச் சான்று. பழங்காலத்துச் சிறார் யாவரும் இயற்கையின் மடியில் வளர்ந்தனர் என்னும் கூற்று, ஆதலின், பாதி உண்மையே.

போர்க்காலம் இவ்வேற்றுமையை மிகுவித்தது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல, கோணப்புலம், மல்லாகம் முதலிய இடங்களின் முகாம்களிலே கால் நூற்றாண்டு வரை வாழ்ந்தன. செம்மண் தோட்டங்களுக்கு உரியோரின் பிள்ளைகள் நெருங்கிய குடிசைகளிடையே பிறந்து வளர்ந்தனர். கண்ணிவெடி பற்றிய அச்சம் வெற்றுநிலத்தையும் பகையாக்கிற்று. இன்று கரையோரத்துக் குருநகரின் மாடி வீடுகளிலும், நகரின் வாடகை அறைகளிலும், பங்கிட்டுப் பங்கிட்டுச் சிறுத்த காணிகளிலும் வாழும் பிள்ளைகளுக்கு வளவு என்பது சொல்லளவிலேயே உள்ளது. இயற்கை குடாநாட்டிற் குறைந்ததன்று; அதன் பங்கீடே நேராக அமையவில்லை.

இக்குறையைப் பூங்காக்கள் தீர்க்குமெனச் சிலர் கருதலாம். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராயிருந்த டைக் என்பார் மரம் நட்டு வளர்த்த பழைய பூங்கா சுண்டிக்குளியில் உண்டு. அதன் நிலத்திற் காலப்போக்கில் அலுவலகங்களும் இடம்பெற்றன. பொதுநூலகத்துக்கு அண்மையிலே சுப்பிரமணியம் பூங்கா உண்டு. 2021ஆம் ஆண்டில் ஆரியகுளம் அழகுற மீளமைக்கப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்கன. எனினும் இளங்குழந்தை தனியே பூங்காவுக்குச் செல்வதில்லை. தாயோ பாட்டியோ கைபிடித்து அழைத்துச் செல்லல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் உள்ள வீட்டார்க்கு ஒரு மைல் ஒரு பொருட்டன்று. நாட்கூலிக்குச் சென்று மாலையில் மீண்டு அடுப்பு மூட்டும் தாய்க்கோ அம்மைல் கடத்தற்கரிது. பூங்காவின் சேய்மையை அளக்கும் கோல் குழந்தையின் காலும் தாயின் ஓய்வுமேயாம். குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் தூரத்துள் பசுமைவெளி அமைதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் கூறுவதும் இதுபற்றியே.

ஆகவே பெரும்பூங்கா ஒன்றினும் சிறுவெளிகள் பல மேலானவை. இதற்கு அம்ஸ்ரடாம் நகரம் எடுத்துக்காட்டு. உலகப்போரின் பின்னர், 1947ஆம் ஆண்டு முதல் 1978ஆம் ஆண்டு வரை, அல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் அந்நகர்ச் சிறாருக்காக எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆடிடங்களை வகுத்தார். வீடுகளிடையே பயனற்றுக் கிடந்த துண்டு நிலங்களே அவற்றுட் பல. மணற்குழியொன்று அவற்றின் நடுநாயகமாய் விளங்கிற்று. எடின்பரோ நகரின் நெருங்கிய பழைய குடியிருப்புகளிடையே சிறுதோட்டங்கள் அமைக்க முன்னின்ற பற்றிக் கெடிஸ் என்பாரும் இக்கருத்தினரே. 1914ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அவர் சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்து, பின்னர் 1921ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் நகரத் திட்டம் வரைந்தார். நுளம்புக்கு அஞ்சி நகர்க்குளங்களைத் தூர்க்க முற்பட்டோரை மறுத்து, மீனும் வாத்தும் வளர்த்தால் நுளம்புப் புழு ஒழியுமென அவர் அறிவுறுத்தினார்.

இவ்வறிவுரை யாழ்ப்பாணத்துக்கு மிகவும் வேண்டற்பாலது. நகரினுள்ளே புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம், ப வடிவிலமைந்த யமுனா ஏரி எனக் குளங்கள் பல உள்ளன. தெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் வீட்டைச் சூழ்ந்த சிரட்டை, டயர், பூச்சாடி முதலியவற்றிற் தேங்கும் தெளிந்த நீரிலே பெருகுவது; குளத்தின்மேற் பழி சுமத்துவது பொருந்தாது. பிள்ளைகள் தவறி வீழ்வர் என்னும் அச்சம் மெய்யானது. அதற்கு மருந்து தாழ்ந்த வேலியும், படிந்த கரையும், காவலிருக்கும் பெரியோர்க்கு நிழலும் இருக்கையுமாம்.

குளக்கரை நீங்கலாக வேறு மூவகை இடங்களும் இங்கு ஆயத்தமாய் உள்ளன. ஒன்று, சனசமூக நிலையங்கள். ஊர்தோறும் வாசிகசாலையோடு தொடங்கிய இவற்றுட் பல முன்பள்ளிகளையும் நடத்துகின்றன. அவற்றின் முற்றத்திற் சீமெந்துக்கு மாறாக மணலும், பொம்மைச் சறுக்குக்கு அருகே வேம்பும் கத்தரிப் பாத்தியும் அமையலாம். இரண்டு, பாடசாலை வளவுகள். வகுப்புக் கலைந்த பின் மாலையில் அயற்சிறாருக்கு அவை திறந்து வைக்கப்படலாம். மூன்று, கோயில் வீதிகள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்திலே வீதியில் மணல் பரப்பப்படுகின்றது. அம்மணலிற் சிறார் மாலைதோறும் வீடு கட்டி விளையாடுவதைக் காண்போர் பலர். திருவிழாக் காலத்து இயல்வது ஏனைய நாட்களில் ஒரு மூலையளவிலேனும் இயலாததன்று. ஆயின் எந்தக் குலத்துப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையும் தடையின்றி வந்தாலன்றி அது பொதுவெளி ஆகாது.

மேலும், நேர்மை என்பது எங்கும் ஒரே அளவாக இடுவதன்று. வளவுள்ள வீடுகள் நிறைந்த தெருவுக்கும், முற்றமே இல்லாத மாடிக் குடியிருப்புக்கும் ஒரே தேவை இல்லை. மாநகரசபை முதலில் வட்டாரம் வட்டாரமாக ஐந்து வயதுக்குட்பட்டோர் எத்துணைப் பேர், அவர்தம் வாசலிலிருந்து மணலும் நிழலும் எத்துணைத் தூரம் என்று கணக்கெடுத்தல் வேண்டும். தூரம் மிக்க இடத்திலேயே முதல் மரம் நடப்படல் வேண்டும். பெரும்பொருள் வேண்டாத இப்பணிக்கு வேண்டுவது முறையான எண்ணமே.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989ஆம் ஆண்டில் தோன்றியது. விளையாட்டைப் பிள்ளையின் உரிமையென வகுத்த அதனை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றது. 2030ஆம் ஆண்டுக்குள் மகளிரும் சிறாரும் உள்ளிட்ட யாவர்க்கும் பாதுகாப்பான பசுமைவெளி கிட்டல் வேண்டுமென 2015ஆம் ஆண்டின் உலக இலக்குகளும் கூறுகின்றன. ஏட்டில் ஏற்ற உரிமை ஒழுங்கையில் நிற்கும் பிள்ளையின் காலடிக்கு வருவது ஊராரின் கையிலுள்ளது. நிலமுள்ள நிறுவனங்கள் தம் படலையை மாலையிலே திறந்து வைப்பின், குடாநாட்டுச் சிறார் யாவரும் மண்ணும் மரமும் அறிந்து வளர்வர் என்பது ஒருதலை.