நேற்று நின்ற மண் இன்று நிற்குமா?

பாதாளச் சாக்கடைக்கோ கடைக்காலுக்கோ பள்ளம் வெட்டும் இடத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "கெட்டி மண்ணுதான், இறங்குப்பா." நேற்று அது உண்மையாக இருந்திருக்கலாம். ராத்திரி மழை பெய்திருந்தால் இன்றைக்கு அது வேறு மண்.

காய்ந்த களிமண் கட்டியை விரலால் உடைக்க முடியாது. அளவான ஈரத்தில் அது உதிரும்; ஈரம் ஏறினால் பிசைந்த மாவாகும்; இன்னும் ஏறினால் சேறுதான். மணலின் குணம் வேறு. லேசான ஈரத்தில் பிடித்து நிற்கும். காய்ந்தாலும் சரியும், நீர் நிறைந்தாலும் சரியும்.

சோதிக்கக் கையே போதும். பள்ளத்திலிருந்து அப்போது வெட்டியெடுத்த களிமண் கட்டியில் கட்டைவிரலை அழுத்துங்கள். முழுப் பலத்தையும் கொடுத்தால்தான் தடம் விழும் என்றால் மண் கெட்டி. சுலபமாக விரல் புதைந்தால் அதை நம்ப வேண்டாம். தினமும் வேலை தொடங்குமுன்பும், மழை விட்ட பிறகும் மறுபடி பாருங்கள். விளிம்பை ஒட்டி வெடிப்பு, சுவரில் நீர்க்கசிவு, பொலபொலவென்று உதிர்வு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மேலே ஏறுங்கள்.

ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன். நெஞ்சுவரை மூடினாலே மூச்சுவிட முடியாது. அதனால் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் முட்டு வேண்டும். ஐஎஸ் 3764 தரக்குறியீட்டின்படி 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது. ஏறி வர ஏணி இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பது அடாவடி அல்ல, உங்கள் உரிமை. வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்த நாட்டின் சட்டம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவித்தொகையும் கோரலாம். விபத்துக்குப் பிறகு பதிய ஓடுவதில் பயனில்லை, இப்போதே பதியுங்கள்.

மண் சரிந்துவிட்டால் பதறி உள்ளே குதிக்காதீர்கள். மீதிச் சுவரும் விழும். ஆள் புதைந்த இடத்தில் ஜேசிபியை இறக்காதீர்கள். 101-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

நாளைக் காலை இறங்குமுன் கட்டைவிரலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பலகை இல்லாத பள்ளம் என்றால், பலகை வரும்வரை மேலேயே நில்லுங்கள்.