படுத்துப் பார்க்க வேண்டிய கூடம்

சிறிய ஃபிட்னஸ் ஸ்டுடியோ என்பது பெரும்பாலும் 500 முதல் 800 சதுர அடிக்குள் அடங்கும் ஒற்றைக் கூடம். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கடைக்கு மேலே உள்ள மாடியோ, குடியிருப்பாகக் கட்டப்பட்ட வீடோ இப்படி மாறுகிறது. உள் அலங்காரம் என்றதும் முதலில் பெயின்ட் அட்டையைப் புரட்டுவதே வழக்கம். உண்மையில் வண்ணம் கடைசி வேலை. தரை, ஓசை, காற்று மூன்றும் சரியில்லாத கூடத்தில் எந்த வண்ணமும் அமைதி தராது.

எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கு யோகா மேட்டிலிருந்து தொடங்குகிறது. ஒரு யோகா மேட் சுமார் 6 அடி நீளம், 2 அடி அகலம். கைகளை விரிக்கவும் புரளவும் சேர்த்தால் ஒருவருக்கு 35 முதல் 40 சதுர அடி வேண்டும். 600 சதுர அடியில் வரவேற்பு, உடை மாற்றும் இடம், அலமாரி போக 400 மிஞ்சினால், பத்துப் பேர்தான் கணக்கு. பதினைந்து பேரைச் சேர்க்கும் ஆசை, வடிவமைப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

மேட் பயிற்சிக்கும் சிறு டம்பெல்லுக்கும் 8 முதல் 10 மி.மீ. ரப்பர் விரிப்பு போதும். கனமான எடைகளைத் தரையில் போடும் பயிற்சியென்றால் தரைத்தளமே நல்லது. வீட்டுத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 தரநெறி கொள்ளும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். கருவிகளை ஏற்றுமுன் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டாக வேண்டும். ஆத்தங்குடிக் கற்கள் அழகுதான், ஆனால் வியர்வை சொட்டினால் வழுக்கும். அவை வரவேற்பு அறையோடு நிற்கட்டும்.

வெற்றுச் சுவரும் பெரிய கண்ணாடியும் கான்கிரீட் கூரையும் சேர்ந்தால் பயிற்சியாளரின் குரல் எதிரொலித்துக் குழம்பும்; அதை மீறப் பாட்டைக் கூட்டுவார்கள், இரைச்சல் இன்னும் ஏறும். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் போதும், நிலைமை தெரிந்துவிடும். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் துணி போர்த்திய கண்ணாடி இழைப் பலகைகளும் கனத்த திரைச்சீலையும் எதிரொலியைக் குறைக்கும். கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வை இவை தடுக்காது. அதற்குத் தரை விரிப்புதான் வழி.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கடையிலோ அலுவலகத்திலோ யாரும் மல்லாந்து படுப்பதில்லை, இங்கே படுக்கிறார்கள். சவாசனத்தில் இருப்பவரின் கண்ணுக்கு நேர் மேலே ஸ்பாட் லைட் பதித்திருந்தால் ஓய்வு எங்கிருந்து வரும்? விளக்கு கண்ணுக்குத் தெரியாமல், ஒளி மட்டும் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்ப வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டை விட 3000 கெல்வின் இதமானது. விறுவிறுப்பான வகுப்புகளும் நடந்தால் 4000 கெல்வினில் தனி வரிசை வைத்து, இரண்டையும் வெவ்வேறு ஸ்விட்சில் பிரிக்கலாம். விளக்கிடும் முன் வடிவமைப்பாளர் ஒருமுறை தரையில் படுத்துப் பார்ப்பது எந்த வரைபடத்தை விடவும் பயன் தரும்.

சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. கடும் பயிற்சியில் அது 500 வாட்டையும் தொடும். வீட்டுக் கணக்கில் வாங்கிய ஏ.சி. இதனால்தான் திணறுகிறது. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுவதால் புதுக்காற்றுக்குத் தனி விசிறி அவசியம். வாசனை எண்ணெய் வியர்வை நாற்றத்தை மூடும், போக்காது. பத்தடி உயரக் கூரையில் ஃபால்ஸ் சீலிங்கும் இறக்கி ஃபேனும் தொங்கவிட்டால், கையை உயர்த்திக் குதிப்பவருக்கு ஆபத்து. சுவர் ஃபேன் பாதுகாப்பு.

கண்ணாடி ஒரு சுவரில் மட்டும் போதும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் கண் கூசும். எதிரே குப்பையாக அடுக்கிய பொருள்களை இரண்டாக்கியும் காட்டும். அந்த எதிர்ச்சுவருக்குத்தான் வண்ணத் தேர்வு முக்கியம்: சந்தனம், வெளிர் சாம்பல், மங்கிய பச்சை, எதுவானாலும் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். மேட், பட்டை, பந்து எல்லாம் கதவுள்ள அலமாரிக்குள் போகட்டும். பரணில் வைத்தால் ஏற்றி இறக்கச் சோம்பல்பட்டுத் தரையிலேயே விட்டுவிடுவார்கள். செருப்பு அடுக்கும் கையலம்பும் தொட்டியும் கூடத்துக்கு வெளியே, வாசலை ஒட்டி இருக்க வேண்டும்.