கடற்குதிரையும் அதன் அண்டை அயலாரும்

புலியும் பசுவும் ஒரே துறையில் நீருண்டன என்று நல்லாட்சியைப் புகழ்வது நம் முன்னோர் மரபு. கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, அதில் பலவகை உயிர்களை ஒருங்கே வாழவைக்க முயல்பவரும் அத்தகைய ஆட்சியையே நடத்த விரும்புகிறார். ஆனால் அங்கே ஒவ்வோர் உயிரும் தன் இயல்பின்படியே நடக்கும். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. ஆகவே, எதனை எதனுடன் குடிவைப்பது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். தொட்டியின் குடிகளுள் மிக எளியது கடற்குதிரை. அதனுடன் வாழத்தக்க முதுகெலும்பற்ற உயிர்கள் எவை, தகாதவை எவை என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

கடற்குதிரை பெயரளவில் குதிரையே தவிர, உண்மையில் ஒரு மீன். பிற மீன்களுக்குள்ள செதில்கள் இதற்கு இல்லை. எலும்புத் தகடுகள் வளையம் வளையமாய் அமைந்து, தோலுக்கடியில் கவசம்போல் நிற்கின்றன. முதுகுத் துடுப்பு ஒரு நொடியில் முப்பது முறைக்கு மேலும் அசைகிறது. எனினும் அதனால் விரைந்து நீந்த இயலாது. வால் துடுப்பு இல்லை. வாலோ கொடியின் சுருள்போல் வளைந்து, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் கருவியாகப் பயன்படுகிறது. வாயில் பல் இல்லை. வயிற்றில் இரைப்பையும் இல்லை. குழல் போன்ற வாயால் சிற்றிறால்களை உறிஞ்சி விழுங்கும். உண்டது விரைவில் குடலைக் கடந்துவிடுவதால் அடிக்கடி உண்ணவேண்டியிருக்கிறது.

இவ்வுடலமைப்பிலிருந்தே அதன் ஆபத்துகள் யாவும் பிறக்கின்றன. ஓட இயலாது, போரிட இயலாது, அருகில் உள்ளது எதுவாயினும் வாலால் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாது நிற்கும். எனவே ஒரு துணையுயிரைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். அது கொட்டுமா? அது இடுக்கிப் பிடிக்குமா? அது உணவைப் பறிக்குமா? இம்மூன்றுக்கும் 'இல்லை' என்னும் விடை கிடைத்தால் மட்டுமே அதற்குத் தொட்டியில் இடமளிக்கலாம்.

முதற்கண் கொட்டும் உயிர்களைக் காண்போம். கடற்சாமந்தி பார்வைக்குப் பூவாயினும் செய்கையில் வேட்டை உயிர். அதன் ஒவ்வோர் இதழிலும் நஞ்சூட்டிய நுண்ணிய ஊசிகள் மறைந்துள்ளன. பிற மீன்கள் பட்டவுடன் விலகி ஓடும்; கடற்குதிரையோ அதனையும் ஒரு கொம்பெனக் கருதிப் பற்றக்கூடும். நெருப்புப் பவளமும், இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசும் கற்பவள வகைகளும் இத்தன்மையனவே. பாறைத் துண்டுகளுடன் அழையாத விருந்தாய் வந்து பெருகும் ஐப்டேசியா என்னும் சிறு சாமந்தியையும் கண்டவுடன் களைதல் வேண்டும்.

அடுத்து, இடுக்கிப் பிடிக்கும் உயிர்கள். நண்டு எவ்வளவு சிறியதாய் வந்தாலும் ஏற்றல் தகாது. அது வளரும், வளர்ந்தபின் கொடுக்கின் வலிமையைக் காட்டும். காலும் கொடுக்கும் செவ்வரி வெள்வரியாய்த் தோன்றும் ஸ்டெனோப்பஸ் என்னும் இறால் அழகில் குறைந்ததன்று. ஆயினும் அசையாது நிற்கும் மீனைத் தாக்கவல்லது. கொடுக்கைச் சொடுக்கி இரையை அதிரவைக்கும் இறாலும், சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும் மான்டிஸ் இறாலும் வாயிற்படியிலேயே நிறுத்தத்தக்கவை. பேய்க்கணவாயும், மீனை நஞ்சால் வீழ்த்தும் கூம்புச் சங்குகளும் அத்தகையனவே. பெருஞ்சிப்பியை ஐயுறுவோர் சிலரே. அதன் விளிம்பில் வால் சிக்கும்போது ஓடு மூடிக்கொள்வதும் உண்டு. பச்சை நிறமுள்ள பெரிய பாம்புக்கை உடுமீன், இரவில் உடலை வளைத்துக் கூண்டுபோல் நின்று, அடியில் ஒதுங்கும் சிறுமீனைப் பிடித்துண்ணும். கடலட்டை சாதுவான உயிர்தான்; ஆனால் அது நொந்தாலும் மடிந்தாலும் வெளிப்படும் நஞ்சு, தொட்டி முழுவதையும் பாழாக்கக்கூடும்.

இனி, நல்ல துணைகளைக் காண்போம். அவற்றுள் முதலிடம் நத்தைகளுக்கே உரியது. டுரோக்கஸ், டர்போ முதலியவை கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசியை மேய்கின்றன. நாசேரியஸ் என்னும் சிறு சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும். உணவின் மணம் நீரில் பரவியதும் தும்பிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு வெளிவந்து, சிந்திய உணவைத் துப்புரவு செய்யும். கடற்குதிரையின் தொட்டியில் உணவு எச்சம் மிகுதியாகையால் இவ்வுதவி பெரிது. எனினும் நத்தைகளை நம்பி நீர் மாற்றுவதைக் கைவிடலாகாது. அவை எச்சத்தை உண்ணுமே அன்றி, அதனை இல்லாமற் செய்துவிடுவதில்லை.

இறால்களுள் லைஸ்மேட்டா இனத்தைச் சேர்ந்தவை ஏற்றவை. அவற்றில் ஒருவகை பிற மீன்களின் உடலைத் துப்புரவு செய்யும்; மற்றொருவகை முன்சொன்ன ஐப்டேசியாவைத் தின்னும். இவை முட்டை பொரிக்கும்போது வெளிவரும் இளங்குஞ்சுகள் கடற்குதிரைக்கு உயிருள்ள உணவாகின்றன. ஆனால் இறால் மிகச் சிறியதாயின் அதுவே இரையாகிவிடும். பெரியதாயின் கடற்குதிரையின் உணவைத் தட்டிப் பறிக்கும். உணவிடும்போது இறாலுக்கு ஒரு மூலையில் சிறிது போட்டுவிட்டு, கடற்குதிரைக்கு வேறோரிடத்தில் ஊட்டுவது இதற்குரிய வழி. துறவி நண்டுகளில் சிறிய செந்நிற வகை ஓரளவு அமைதியானது, பெரியவை தகா. அதற்கும் உபரியாகச் சில வெற்றுச் சங்குகளை இட்டுவைக்க வேண்டும். இல்லையேல் வீடு தேடி நத்தையைக் கொன்றுவிடும்.

கடற்குதிரைக்குப் பற்றுக்கோடு இன்றியமையாதது. கிளைத்து நிற்கும் கடல் விசிறி வகைகளும், தோற்பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்களும் அதற்கு உதவும். காளான் பவளங்களிலும் யானைச்செவி எனப்படும் மிகப் பெரிய வகையை விலக்கவேண்டும். அது விளிம்பைக் குவித்து மீனைச் சிறைப்பிடித்து உண்ணும்.

நீரின் குளிர்ச்சியையும் நினைவிற் கொள்ள வேண்டும். வெப்பமண்டலக் கடற்குதிரைகளைத் தொட்டியில் 22 முதல் 24 செல்சியஸ் பாகையில் வைப்பதே வழக்கம். வெப்பம் மிகுந்தால் விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். அக்குளிர்ச்சியைத் தாங்கும் துணைகளையே சேர்க்கவேண்டும். நோயுற்ற மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்திட நேர்ந்தால், அதனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே இடவேண்டும். மீனைக் காக்கும் அம்மருந்து, நத்தைக்கும் இறாலுக்கும் கூற்றாகும்.

இவ்வளவும் கேட்டபின், நம் கடற்கரையில் கடற்குதிரையைப் பிடித்து வளர்க்கலாமே என்று எவரேனும் எண்ணலாம். அது கூடாது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் வெளிகளில் இவை வாழ்கின்றன. 2001ஆம் ஆண்டு முதல் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காத்துவருகிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடலட்டைக்கும் பவளத்துக்கும்கூட இக்காப்பு உண்டு. உலக நாடுகளிடையே நடக்கும் கடற்குதிரை வணிகத்துக்கும் 2004ஆம் ஆண்டு முதல் கட்டுப்பாடு உள்ளது. சட்டம் இடந்தரும் நாடுகளில், பண்ணையில் பிறந்து வளர்ந்தவற்றையே வாங்குதல் முறை. டாஸ்மேனியாவிலும் ஹவாயிலும் அத்தகைய பண்ணைகள் தோன்றியுள்ளன. பண்ணைக் கடற்குதிரை உறைந்த மைசிஸ் இறாலை உண்ணப் பழகியிருக்கும். கடலிற் பிடித்ததோ அதனை ஏற்காது பட்டினி கிடந்து மடிவதும் உண்டு.

தொட்டியில் அழகு சேர்ப்பது எளிது. அங்கே எளியதற்கு அச்சமின்றி வாழ இடம் தருவதே அரிது. புதியதோர் உயிரின் நிறத்தைக் கண்டு மயங்கி அதனை வாங்கக் கை நீளும்போது, தொட்டியில் முன்பே குடியிருக்கும் கடற்குதிரையின் வாலை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். இரவில் நாம் விளக்கணைத்துச் சென்றபின், அது எதனைப் பற்றிக்கொண்டு உறங்கும் என்பதே நாம் விடை காணவேண்டிய கேள்வி.