கோட்டுக்குள் ஒளிந்த காதல்

இரண்டு பேர், ஒரே கோட்டு. முகம் தெரியவில்லை. 1990-ல் வந்த 'ஆஷிகி' இந்திப் படத்தின் போஸ்டர் இவ்வளவுதான். ராகுல் ராய், அனு அகர்வால் இருவரும் புதுமுகங்கள். நட்சத்திரங்களின் முகத்தைக் காட்டி டிக்கெட் விற்ற பம்பாயில், மகேஷ் பட்டின் படம் முகத்தையே மறைத்தது. சுவரைக் கடந்துபோனவர்களுக்கு விஷயம் புரிந்தது: ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கும் காதலர்கள். படமும் பாட்டும் பெருவெற்றி.

காதல் போஸ்டருக்குத் தனி இலக்கணம் உண்டு. சண்டைப் பட நாயகன் சுவரிலிருந்து நம்மை முறைப்பான். காதல் ஜோடி நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. ராஜ் கபூரின் 'பர்சாத்' (1949) இதற்குப் பழைய உதாரணம். அவரது ஒரு கையில் வயலின். மறு கையில் சாய்ந்த நர்கிஸ். அந்தத் தோற்றமே ஆர்.கே. பிலிம்ஸின் சின்னமானது.

அந்தக் காலத்தில் இந்த நெருக்கத்தை உண்டாக்கியவர்கள் ஓவியர்கள். தனித்தனி ஸ்டில்களைப் பார்த்து இரு முகங்களை அருகருகே கொண்டுவந்தார்கள். நாயகியின் கன்னத்தில் சிவப்பு கூட்டினார்கள். சோகக் கதை என்றால் பின்னணியை இருட்டாக்கினார்கள். பிறகு கம்ப்யூட்டரும் ஃப்ளெக்ஸும் வந்து அவர்கள் பிழைப்பில் கை வைத்தன. இன்று அந்தப் பழைய போஸ்டர்களைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் வரைந்தவர்கள் பலரின் பெயர்கூடத் தெரியாது.

2013-ல் 'ஆஷிகி 2' வந்தது. போஸ்டரில் மீண்டும் கோட்டுக்குள் ஒரு ஜோடி, கொட்டும் மழையில். தூரிகைக்கு மட்டும் அங்கே வேலையில்லை.