குழந்தையின் மேல்தாடை குறுகலாக இருக்கிறதா? வயது தவறாமல் கவனியுங்கள்!



சுகாதாரக் கல்விப் பணிக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது, ஓர் அம்மா தன் பதினோரு வயது மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கலக்கம்.

"டாக்டர் புள்ளையோட மேல்வாயில ஏதோ திருகாணி வெச்சாரு. தினமும் திருகச் சொன்னாரு, திருகினேன். பத்து நாள் ஆச்சு. இப்போ முன்பல்லு ரெண்டும் விலகி நடுவுல சந்து விழுந்துபோச்சு, பாருங்க! ஒழுங்கா இருந்த பல்லையும் கெடுத்துட்டாங்களே. இன்னிக்கே கழட்டிடப் போறேன்" என்றார்.

அவரை உட்கார வைத்து, "அம்மா, பயப்படாதீங்க. இந்தச் சந்து விழவேண்டும் என்றுதான் டாக்டர் காத்திருக்கிறார். இப்போது கழற்றினால்தான் கெடுதல்" என்று சொன்னேன். அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் விளக்கவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

மேல்தாடை ஒரே எலும்பு அல்ல

உங்கள் நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, மேல்வாயின் நடுவாகப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்படும். மேல்தாடையின் வலது பாதி எலும்பும் இடது பாதி எலும்பும் சேரும் கோடு அதற்கு மேலேதான் ஓடுகிறது.

கைக்குழந்தையின் தலையில் உச்சிக்குழி இருப்பதை எல்லாத் தாய்மாரும் அறிவார்கள். மண்டை எலும்புகள் இன்னும் சேராததால் அது மெத்தென்று இருக்கிறது. மேல்வாயின் நடுக்கோடும் அதே இனம்தான். உச்சிக்குழி ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிவிடும். இந்தக் கோடு மட்டும் வளரும் பருவம் முழுவதும் இளகலாக இருக்கும்.

இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்போடு விளிம்பாக ஒட்டிவைத்துப் பாருங்கள். சுலபமாகப் பிரிக்கலாம். சிறு குழந்தையின் நடுக்கோடு அப்படி இருக்கிறது. இப்போது விரல்களைக் கோத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். பருவ வயதுக்குப் பிறகு எலும்பின் விளிம்புகள் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் பிர்த்தே மெல்சன் 1975-இல் இந்த மாற்றத்தைப் படிப்படியாக எடுத்துக் காட்டினார். இன்னும் நாளானால் இரண்டு எலும்பும் ஒன்றாகவே இறுகிவிடும்.

குறுகலாக இருந்தால் என்ன கெடுதல்?

சம்புடத்துக்கு மூடி எப்படி இருக்கவேண்டும்? சம்புடத்தைவிடச் சற்று அகலமாக இருந்து, வெளிப்பக்கம் கவிந்து உட்கார வேண்டும். அதேபோல் மேல் பல்வரிசை கீழ் வரிசையை வெளிப்பக்கமாகக் கவிந்திருக்க வேண்டும். மேல்தாடை குறுகினால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே விழும். இதைக் குறுக்குக் கடி என்கிறோம்.

பற்கள் சரியாகப் பொருந்தாத குழந்தை, மெல்லுவதற்காகக் கீழ்த்தாடையை ஒரு பக்கமாக இழுத்துக் கடிக்கப் பழகுகிறது. வளரும் வயதில் வருஷக்கணக்கில் இப்படிக் கடித்தால் தாடை ஒரு பக்கம் கோணலாக வளர இடம் உண்டு. மேலும், இடம் போதாமல் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கும். அழகுக் குறையை மட்டும் நான் சொல்லவில்லை. மெல்லுவதும், பல் துலக்குவதும், முகம் ஒழுங்காக வளர்வதும் இதில் அடங்கியிருக்கின்றன.

குறுகுவதற்குக் காரணம் சில குழந்தைகளுக்குப் பரம்பரை. சிலருக்கு நான்கு ஐந்து வயதாகியும் விடாத விரல் சூப்பும் பழக்கம். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்து, எப்போதும் வாயால் மூச்சு விடும் குழந்தைகளிடமும் இது அடிக்கடி காணப்படுகிறது. பிளவுபட்ட அண்ணத்தைத் தைத்துச் சரிசெய்த குழந்தைகளுக்கும் மேல்தாடை குறுகலாவது உண்டு.

திருகாணி வைத்தியம் எப்படி வேலை செய்கிறது?

பல் சீரமைப்பு டாக்டர் மேல் கடைவாய்ப் பற்களைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவியை ஒட்டிவைப்பார். அதன் நடுவில் சிறு திருகாணி இருக்கும். சிறு சாவியால் அதைத் தினமும் ஒரு முறையோ இரண்டு முறையோ திருப்பவேண்டும். பெரும்பாலான கருவிகளில் ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் விரியும். தினம் இரண்டு திருப்பு என்றால் ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர். இரண்டு முதல் நான்கு வாரத்தில் திருப்பும் வேலை முடிந்துவிடும்.

இது நேற்று வந்த வைத்தியமல்ல. 1860-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் வைத்தியர், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மேல்வாயில் திருகாணி வைத்தார். அவளே சாவியால் திருப்பினாள். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது. தாடை எலும்பே விலகியிருக்கிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான், ஆகவே காட்டி நிரூபிக்க வழியில்லை. பிறகு ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க டாக்டர் முதலில் பன்றிகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்து, 1961-இல் முடிவுகளை வெளியிட்டார். அதன்பின் இந்த வைத்தியம் உலகெங்கும் பரவியது.

எலும்பில் நடப்பது என்ன?

1. நடுக்கோடு திறக்கிறது. முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் விரிசல் கொடுத்து, விசிறி விரிவதுபோல் திறக்கும். முன்பற்கள் இரண்டும் ஆளுக்கொரு பாதி எலும்பில் இருப்பதால் அவற்றுக்கு நடுவே சந்து தெரிகிறது. அந்த அம்மா பயந்தாரே, அந்தச் சந்து இதுதான். எலும்பு விலகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஈறில் உள்ள நார்கள் இழுப்பதால், பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

2. மூக்கின் தரை அகலமாகிறது. மேல்வாயின் கூரையே மூக்கின் தரை. ஆகவே மூக்குக்குள்ளும் கொஞ்சம் இடம் கூடும். சில குழந்தைகளுக்கு மூச்சு சற்றுத் தாராளமாகும். ஆனால் இதை மூக்கடைப்புக்கு வைத்தியம் என்று எண்ணிச் செய்துகொள்ளக் கூடாது. அடினாய்டு இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தனியே காட்டவேண்டும்.

3. சுற்றியுள்ள எலும்புகளும் உணர்கின்றன. மேல்தாடை கன்ன எலும்போடும் மூக்கு எலும்போடும் சேர்ந்திருக்கிறது. அதனால் திருப்பியவுடன் மூக்குத் தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் அழுத்துவதுபோல் இருக்கும். சில நிமிஷத்தில் குறைந்துவிடும்.

4. பற்களும் கொஞ்சம் சாய்கின்றன. திருகாணி விரிந்த அளவு முழுவதும் எலும்பில் சேர்வதில்லை. ஒரு பங்கு எலும்பு விலகுவதால் வருகிறது, மறு பங்கு கடைவாய்ப் பற்கள் வெளிப்பக்கம் சாய்வதால் வருகிறது. வயது ஏற ஏற எலும்பின் பங்கு குறைந்து, பல் சாய்வது கூடும். மிகையாகச் சாய்ந்தால் பல்லின் வெளிப்புற எலும்பு மெலியும், ஈறும் இறங்கும்.

5. கீழ்த்தாடை கொஞ்சம் இறங்குகிறது. மேல் கடைவாய்ப் பற்கள் சாய்ந்து கீழ்ப் பற்களில் இடிப்பதால், மோவாய் சற்றுக் கீழும் பின்னும் போகும். பெரும்பாலும் நாளடைவில் இது சரியாகிவிடும். ஏற்கெனவே முகம் நீளமாக உள்ள குழந்தைகளுக்கு டாக்டர் இதைக் கணக்கில் வைத்தே வைத்தியம் செய்வார்.

திருப்பி முடித்ததும் ஏன் கழற்றக் கூடாது?

"அதான் விரிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு இந்தக் கருவி?" என்று பலர் கேட்கிறார்கள். விலகிய இடத்தில் அப்போது எலும்பு இல்லை. சதையும் நாரும்தான் இருக்கின்றன. கை முறிந்தால் கட்டுப் போட்டுக் காத்திருக்கிறோம் அல்லவா? அதுபோல இங்கும் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்பக் காலம் கொடுக்கவேண்டும். இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை திருப்பாமல் கருவியை அப்படியே வைத்திருக்கவேண்டும். முன்னதாகக் கழற்றினால், பிரிந்த இரண்டு பாதியும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பட்ட சிரமமெல்லாம் வீண். கழற்றிய பிறகும் கொஞ்சம் சுருங்கும் என்பதால்தான், டாக்டர்கள் தேவைக்குச் சற்று மேலாகவே விரித்துவைக்கிறார்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. சாவியின் முனையில் நீள நூல் கட்டிவையுங்கள். கை தவறினாலும் குழந்தை விழுங்காது.

2. டாக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் திருப்பாதீர்கள். ஒரு நாள் மறந்துபோனால், மறுநாள் சேர்த்துத் திருப்பாமல் டாக்டரைக் கேளுங்கள்.

3. திருப்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.

4. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் கொப்பளித்து, கருவியைச் சுற்றித் துலக்கச் சொல்லுங்கள். மிட்டாய், முறுக்கு, கடலை உருண்டை போன்ற ஒட்டும், கடினமான பண்டங்கள் வேண்டாம்.

5. முதல் சில நாள் உமிழ்நீர் அதிகம் ஊறும், பேச்சு குழறும். பழகிவிடும்.

6. வலி தாங்கமுடியாமல் இருந்தாலோ, கருவி கழன்று ஆடினாலோ, ஈறு வீங்கினாலோ, இரண்டு வாரம் திருப்பியும் முன்பல்லில் சந்து விழாவிட்டாலோ, திருப்புவதை நிறுத்தி உடனே டாக்டரிடம் போங்கள்.

எந்த வயதில் செய்யவேண்டும்?

பருவ வளர்ச்சி வேகமெடுப்பதற்கு முன்பே செய்தால் எலும்பு நன்றாக விலகும். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்கு முன்னதாகவே பருவத்தை எட்டுவதால், அவர்கள் விஷயத்தில் தாமதம் இன்னும் கூடாது. எல்லாருக்கும் ஒரே வயதில் கோடு இறுகுவதில்லை. தேவைப்பட்டால் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்.

நான் சொன்ன அந்த அம்மாவுக்கு மூத்த மகளும் உண்டு. வயது இருபது. அவளுக்கும் அதே குறுகல், அதே கோணல் கடி. "இவளுக்கும் இதே திருகாணியை வெச்சுடலாமா?" என்று ஆசையோடு கேட்டார். எனக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. வளர்ச்சி முடிந்தவருக்குப் பல்லைப் பிடிக்கும் திருகாணியை மட்டும் வைத்தால், எலும்பு விலகாமல் பற்களே சாயும். சிலருக்கு அண்ண எலும்பிலேயே சிறு ஆணிகள் பதித்து விரிக்கப் பார்க்கலாம். பலருக்கு ஆபரேஷன் செய்து எலும்பை விடுவித்த பிறகே விரிக்கமுடியும். வழி இல்லாமல் இல்லை. ஆனால் தங்கைக்குச் சாவியால் முடிந்தது, அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ள வேண்டியதாகலாம். "பத்து வயசுல பள்ளிக்கூடத்துலயே சொன்னாங்க. பல்லு முழுசா முளைக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா.

பெரியவர்களின் தாடையை நாக்கால் அழுத்தியோ, கடையில் வாங்கிய பிளேட்டை மாட்டியோ அகலமாக்கலாம் என்று கைப்பேசிப் படங்களில் சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். இறுகிய எலும்பு அதற்கு விலகாது.

இன்றே பாருங்கள்

ஏழு வயதான பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுகிறதா? கடிக்கும்போது மோவாய் ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். "பால்பல்லு தானே, விழுந்து முளைச்சா சரியாப் போயிடும்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். விழுந்து முளைப்பது பல்தான். குறுகிய எலும்பு முளைத்துச் சரியாவதில்லை.

பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது பிள்ளையின் கடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவை அணுகுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

நினைவில் வையுங்கள்: தொடங்குவதில் தாமதம் வேண்டாம், கழற்றுவதில் அவசரம் வேண்டாம். நடுவில் சந்து விழுந்தால் பயமும் வேண்டாம். அந்தச் சின்னப் பெண் கருவியோடு ஐந்து மாதம் பொறுத்திருந்தாள். சந்து தானாகவே மூடிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறாள்.