ட்ரெய்லருக்கு வயர் இழுக்கும் முன்: மினிவேன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2023 மார்ச்சில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான வண்டிகளை ரீகால் செய்தன. அந்தப் பட்டியலில் குடும்பங்கள் விரும்பி வாங்கும் கியா கார்னிவல் மினிவேனும் இருந்தது. ட்ரெய்லரின் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வயரிங் ஹார்னஸில்தான் கோளாறு. அதன் சர்க்யூட் போர்டில் தண்ணீர் இறங்கினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். எஞ்சினை அணைத்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தாலும் பிடிக்கலாம். சரிசெய்து முடிக்கும்வரை வண்டியை வீட்டிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தும்படி உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். 2022இலும் ஹூண்டாய் பாலிசேட், கியா டெல்லுரைட் வண்டிகளை இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்திருந்தார்கள்.

அந்த ஹார்னஸ்கள் டீலர்கள் மூலம் விற்கப்பட்டவை. அவற்றுக்கே இந்த நிலை என்றால், விலையை மட்டும் பார்த்து வாங்கி, வார இறுதியில் அவசரமாகப் பொருத்தும் வயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீடு மாறுவதற்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் சாமான்களை ஏற்றுவதற்கும் மினிவேனில் வாடகை ட்ரெய்லரை மாட்டும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை.

முதலில் வண்டியின் திறன்

ஹார்னஸ் மாட்டிவிட்டால் வண்டிக்கு இழுக்கும் திறன் வந்துவிடாது. 2021க்குப் பின் வந்த டொயோட்டா சியென்னாவுக்கும் ஹோண்டா ஒடிசிக்கும் உச்சவரம்பு 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ. கிரைஸ்லர் பசிஃபிகாவின் பெட்ரோல் வண்டிக்கு, அதற்கான டோ பேக்கேஜ் இருந்தால் 3,600 பவுண்டு. அதே பசிஃபிகாவின் ஹைப்ரிட் வண்டியை ட்ரெய்லர் இழுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது நிறுவனம். பெயரும் தோற்றமும் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறும் இடம் இது. உங்கள் மாடல், ஆண்டு, பேக்கேஜ் மூன்றுக்கும் உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். வண்டிக்குள் ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால், பின்னால் இழுக்கக்கூடிய எடை அந்த அளவுக்குக் குறையும்.

எந்த ஹார்னஸ் பொருந்தும்?

சிறிய ட்ரெய்லர்களுக்கு நான்கு முனைத் தட்டைப் பிளக் போதும். அதில் வெள்ளை வயர் எர்த். பழுப்பு டெயில் லைட். மஞ்சள் இடப்பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும். பச்சை வலப்பக்கத்துக்கு அதே வேலை. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அது எலக்ட்ரிக் பிரேக்காக இருந்தால் ஏழு முனைப் பிளக்கும், வண்டிக்குள் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும்.

அடுத்து, வண்டியின் பின்புறம் போய் நின்று இண்டிகேட்டரைப் போடச் சொல்லிப் பாருங்கள். பிரேக் எரியும் அதே சிவப்பு விளக்கே மினுக்கினால் அது ஒரு வகை. ஆரஞ்சு விளக்கு தனியாக மினுக்கினால் வேறு வகை. நான்கு முனை ட்ரெய்லரில் ஒரே பல்பு இரண்டு வேலையையும் செய்வதால், இரண்டாவது வகை வண்டிக்கு இரு சிக்னல்களையும் சேர்த்துத் தரும் கன்வெர்ட்டர் அவசியம்.

புதிய மினிவேன்கள் பலவற்றில் விளக்குகள் எல்இடி. அவற்றின் வயர் மிகக் குறைந்த மின்சாரத்துக்காக அமைக்கப்பட்டது. அதை வண்டியின் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. ட்ரெய்லரின் பழைய பிரேக் பல்பு ஒன்றே ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையை வண்டியின் விளக்கு வயர் மீது ஏற்றினால் பியூஸ் போகும்; சில நேரம் விலை உயர்ந்த கன்ட்ரோல் யூனிட்டே போகும். ஆகவே, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும், தனி பியூஸ் உள்ள கன்வெர்ட்டரைக் கேளுங்கள். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்த, வண்டியின் கனெக்டர்களுக்கு இடையே செருகும் ஹார்னஸாகவும் இருக்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

பொருத்தும்போது நேரும் தவறுகள்

வயரின் உறையைக் கிழித்து, இடுக்கியால் நசுக்கிப் போடும் கிளிப்புகள்தான் முதல் எதிரி. கிழிந்த இடத்தில் மழைநீரும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் புகும். சில மாதங்களில் செம்புக் கம்பி பச்சைப் பொடியாகி, விளக்கு மங்கும்.

இரண்டாவது, எர்த். வெள்ளை வயரின் திருகை பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டால் மின்சாரம் சரியாகத் திரும்பாது. பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டரைப் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து துடிக்கும். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்றே தெரியாது. பெயிண்டைச் சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகுதான் திருக வேண்டும்.

மூன்றாவது, பேட்டரிக்குப் போகும் வயரில் பியூஸ் போடாமல் விடுவது, அல்லது சொன்னதைவிடப் பெரிய பியூஸ் போடுவது. தீவிபத்துக்கு இதுவே நேர்வழி.

வாரண்டி போய்விடுமா?

வெளியில் வாங்கிய ஹார்னஸை மாட்டினால் வாரண்டி ரத்து என்று யாராவது பயமுறுத்தினால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, தன் பிராண்டு உதிரிபாகத்தையே வாங்க வேண்டும் என்று நிறுவனம் வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. நீங்கள் மாட்டிய பாகமோ அதைப் பொருத்திய விதமோதான் பழுதுக்குக் காரணம் என்று காட்டினால் மட்டுமே அந்தப் பழுதுக்கான வாரண்டியை மறுக்கலாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சரியான காரணம் தராவிட்டால் ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் புகார் செய்யலாம்.

தவறாகப் பொருத்தியதால் வந்த சேதத்துக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். லீஸ் வண்டியாக இருந்தால், கை வைக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

ரீகாலும் நிவாரணமும்

டாஷ்போர்டில், ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க வின் எண்ணை, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் கொடுத்தால், சரிசெய்யப்படாத ரீகால் உள்ளதா என்று தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. முதன்முதலில் விற்ற நாளிலிருந்து 15 ஆண்டு வரை, பாதுகாப்பு ரீகால் பழுதை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ரீகால் வரும் முன்பே அதே கோளாறுக்குச் செலவழித்திருந்தால், ரசீதைக் காட்டி அந்தப் பணத்தைக் கேட்கவும் வழி உண்டு.

ஹார்னஸ் சூடானாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே கழற்றுங்கள்; தூக்கி எறியாதீர்கள், அதுவே சான்று. படம் எடுத்து, அதே நிர்வாகத்துக்கு இணையம் வழியாகவோ 888-327-4236 என்ற எண்ணிலோ புகார் கொடுங்கள். வண்டிகளைப் போலவே தனியாக விற்கும் உதிரிபாகங்களும் ரீகாலுக்கு உட்பட்டவை. ரீகாலுக்கு முந்தைய விசாரணைகள் பலவும் சாதாரண மக்களின் புகார்களிலிருந்தே தொடங்குகின்றன.

சொன்னதற்கு மாறான பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால், கிரெடிட் கார்டு பில் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பொருத்தியவரின் தவறால் இழப்பு என்றால், ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. வக்கீல் இல்லாமலே வழக்காடலாம். இதற்கெல்லாம் அடிப்படை பில். ரொக்கமாகக் கொடுத்து, ரசீது இல்லாமல் வேலை வாங்காதீர்கள். பாகத்தின் எண்ணும், பொருத்திய தேதியும், கடையின் பெயரும் அதில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து டெயில், இடம், வலம், பிரேக் நான்கையும் பாருங்கள். பிறகு பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் வண்டியை எடுக்காதீர்கள்.