நுவரெலியாவில் வீடு: குளிருக்கா, கூலிக்கா?

கொழும்பு ஐந்துலாம்புச் சந்தியில் மொத்த வியாபாரம் செய்யும் நானா ஒருவர் ஹட்டனிலுள்ள எனது கடைக்கு வந்திருந்தார். "கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நுவரெலியாவில் வீடு வாங்கிக் குடியேறப் போகிறேன். கொழும்புக்குப் போகும் நாட்களில் சீசன்காரர்களுக்குக் கூலிக்குக் கொடுத்தால் வீடே நம்மைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். இதே எண்ணம் நமது வியாபாரிகள் பலருக்கும் உண்டு. ஆகவே அவரிடம் சொன்னதையே இங்கு தருகிறேன்.

மெக்சிகோவில் சான் மிகுவேல் தெ அயெண்டே என்ற பழைய நகரம் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. மிதமான காலநிலைக்காக ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வாழ்கின்றனர். நுவரெலியாவின் உயரமும் 1,868 மீற்றர். 1873இல் ஆளுநர் கிரகரி அமைத்த வாவி, 1894ஆம் ஆண்டுத் தபாலகம் என்று பழைமைக்கும் குறைவில்லை. ஆனால் அங்கு குடியேறுபவர்களில் பலர் டொலரில் ஓய்வூதியம் பெறுபவர்கள். நமது வியாபாரிக்கோ வீட்டில் போடும் பணம்தான் முதல். அதனால் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும்.

உதாரணத்துக்கு வீட்டின் விலை 4 கோடி ரூபா என்று வைப்போம். ஏப்ரல் சீசனில் 30 இரவுகள், இரவுக்கு 25,000 வீதம் 7.5 இலட்சம். ஏனைய 11 மாதங்களில் மாதம் 8 இரவுகள், 15,000 வீதம் 13.2 இலட்சம். மொத்தம் 20.7 இலட்சம். காவலாளி, மின்சாரம், வரி, ஈரத்தால் வரும் திருத்த வேலைகள் ஆகியவற்றுக்கு 8 இலட்சம் கழித்தால் மிஞ்சுவது 12.7 இலட்சம். அதாவது நூறு ரூபாவுக்கு மூன்று ரூபா சொச்சம். ஏப்ரல் கைவிட்டால் 5.2 இலட்சம்தான். ஏப்ரல் கைவிடுமா? 2019 ஏப்ரல் 21 தாக்குதல்கள், 2020இல் கொரோனா ஊரடங்கு, 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு என்று நான்கு வருடங்களில் மூன்று சீசன்கள் அடிபட்டதை நாம் கண்டோம்.

அடுத்தது காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகள் பெற்றது குத்தகையே. எனவே "தோட்டக்காணி, மலிவு" என்று யாராவது சொன்னால், நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. சரிவான இடமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் அவசியம். 2025 நவம்பர் புயலில் மலையகம் பட்ட பாட்டை மறக்க முடியாது.

ஸகாத்தையும் கவனியுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. விற்று இலாபம் பெறும் நோக்கில் வாங்கினால் அது வியாபாரப் பொருள். வருடந்தோறும் சந்தை விலைக்கு ஸகாத் உண்டு. கூலிக்கு விட்டால் கையில் சேரும் பணத்தின் மீது கணக்கிட வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆகவே வாங்கும்போதே நிய்யத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

நானா யோசித்தார். "அப்படியானால் வாங்கவே வேண்டாமா?" என்று கேட்டார். வாங்கலாம். முதலில் ஒரு வருடம் கூலி வீட்டில் இருந்து பாருங்கள் என்றேன். ஜூன், ஜூலை மழையையும் ஜனவரிப் பனியையும் உடம்பு தாங்குகிறதா, இரவில் நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், ஜமாஅத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரியும். கடையின் முதலைத் தொடாமல், மிஞ்சிய பணத்தில் வாங்குபவருக்கு அந்தக் குளிர் அல்லாஹ்வின் அருட்கொடை. முதலையே பெயர்த்து எடுத்து வாங்குபவருக்கு அதே குளிர் நடுக்கம்தான்.